வெட்கம் மருந்தாகுமா?

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவன்)

தலைவலி என்றால் ஊருக்கே சொல்கிறோம். காய்ச்சல் என்றால் விடுப்பு விண்ணப்பத்திலே எழுதுகிறோம். ஆனால் சிறுநீர் கழிப்பதில் தொல்லை என்றால் மட்டும் ஆண்மகன் வாய் திறப்பதில்லை. பெற்றவளிடமும் சொல்வதில்லை, கட்டியவளிடமும் சொல்வதில்லை. மருந்துக்கென்று வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்துத் தந்த மொழியிலே, நோயை மறைப்பதை மானம் என்று எண்ணுகிறோம். இது சரிதானா?

மேலூர்ப் பக்கத்து எங்கள் சிற்றூரில், எனக்குப் பெரியப்பா முறையாகும் உழவர் ஒருவர். அறுபதைத் தாண்டியவர். இரவிலே நான்கைந்து முறை எழுவார், நெடுநேரம் நிற்பார், சொட்டுச் சொட்டாகவே போகும். கேட்டால், "வயசானா அப்படித்தான்டா" என்பார். கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவிக்கொள்வார். இரவில் எழ வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்தார். இரண்டு ஆண்டுகள் இப்படியே ஓடின. ஒருநாள் நள்ளிரவில் அந்தச் சொட்டும் நின்றது. அடிவயிறு உப்பித் துடித்தவரை வாடகை வண்டியில் மதுரைக்குக் கொண்டுவந்தோம். குழாய் செருகி நீரை எடுத்த பிறகே அவருக்கு உயிர் வந்தது. ஆனால் சிறுநீரகமும் கெடத் தொடங்கியிருந்தது. "முன்பே வந்திருந்தால் மாத்திரையே போதுமாக இருந்திருக்கலாம்" என்றார் மருத்துவர். அந்தச் சொல்லே என்னை எழுத வைத்தது.

நீர்ப்பைக்குக் கீழே, நீர்த்தாரையைச் சூழ்ந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. ஐம்பதைக் கடந்த ஆண்கள் பலருக்கு அது பருத்து வழியை நெருக்குகிறது. இது புற்றுநோய் அன்று. ஆயினும் அச்சுரப்பியில் புற்றுநோயும் வரக்கூடும். எது என்பதைச் சோதனைதான் சொல்லும், சுண்ணாம்பு சொல்லாது!

கத்திரி வெயிலில் நீர்க்கடுப்பு வந்தால் 'சூடு' என்கிறோம். இளநீரும் மோரும் நல்லவையே. வியர்த்துக் கொட்டியும் தண்ணீர் குடியாதவனுக்குச் சிறுநீர் அடர்ந்து எரியும், கல்லும் உண்டாகும். ஆனால் நன்றாகத் தண்ணீர் குடித்தும் இரண்டு நாளில் அடங்காத எரிச்சலைச் சூடு என்று தள்ளிவிடலாகாது. ஆணின் நீர்த்தாரை நீளமானது. கிருமி எளிதில் ஏறாது. ஏறியிருந்தால் அடைப்போ, கல்லோ, சர்க்கரை நோயோ பின்னணியில் இருக்கக்கூடும். பால்வினை நோயாகவும் இருக்கலாம். மருந்துக்கடையில் நான்கு மாத்திரை வாங்கி விழுங்கி, எரிச்சல் குறைந்ததும் நிறுத்துவது கிருமிக்கே பயிற்சி கொடுப்பதாகும்.

இளைஞர்களே, இது கிழவர்களின் கதை என்று எண்ணாதீர்! நம் வெட்கத்தை நம்பியே பிழைக்கும் போலி வைத்தியர்கள் இருக்கிறார்கள். 'தாது இழப்பு' என்று அச்சுறுத்தி, விடுதி அறையிலே பணம் பறிக்கிறார்கள். மருத்துவரிடம் சொல்லக் கூசியவன் அவர்களிடம் சிக்குகிறான்.

எப்போது செல்ல வேண்டும்? நீர் அறவே நின்றாலும், எரிச்சலோடு குளிர்காய்ச்சலோ விலாவலியோ கண்டாலும் அன்றைக்கே செல்ல வேண்டும். இரத்தம் ஒரே ஒரு முறை, வலியின்றித் தெரிந்தாலும் காட்டியே ஆகவேண்டும். புகைப்பவர் இதை மறக்கவே கூடாது. அடிக்கடி எழுதல், தாரை மெலிதல், கழித்த பின்னும் மிச்சம் இருப்பதாக உணர்தல் ஆகியவை சில வாரங்கள் நீடித்தால் காலம் கடத்தலாகாது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரையும் சர்க்கரையையும் பார்த்துவிடலாம். மேற்கொண்டு தேவையென்றால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இதற்கெனத் தனித்துறையே உண்டு.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வீட்டு வாசலிலே பார்க்கப்படுகின்றன. ஐம்பது கடந்த ஆண்களிடம், "இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்தால் என்ன? வருபவர்களில் பெரும்பாலோர் பெண்களாயிற்றே, ஆண்கள் பதில் சொல்வார்களா என்று கேட்கலாம். நியாயமான ஐயம்தான். அந்த இடத்தில் நாம் நிற்போம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் மாணவர்கள் மரம் நடுவதோடு நில்லாமல், மாலையில் மந்தைத் திடலில் பெரியவர்களோடு அமர்ந்து இதைப் பேசட்டும்.

அதற்கு முன், இன்றிரவே நம் வீட்டுத் தந்தையிடம் கேட்போம். அவர் முதலில் சிரித்து மழுப்புவார். விடாமல் மீண்டும் கேளுங்கள். என் பெரியப்பாவை அப்படி விடாமல் கேட்க அன்று ஒருவரும் இல்லை.