அச்சின் எல்லையைத் தீர்மானிப்பது யார்?

இந்த இதழுக்கு வரும் கட்டுரைகளில் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பப்படுபவை பெரும்பாலும் வரைபுகள்தான். கணக்குச் சரியாக இருக்கும், தரவும் துப்புரவாக இருக்கும். செங்குத்து அச்சு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை மட்டும் மென்பொருளின் கையில் விட்டிருப்பார்கள். மட்பிளொட்லிப்பில் கோட்டு வரைபு ஒன்றை வரைந்தால், அது மிகக் குறைந்த பெறுமானத்தையும் மிகக் கூடியதையும் எடுத்து, இரு பக்கமும் 5 சதவீத இடம் விட்டு எல்லையைப் போட்டுவிடும். அளந்தது மழையா, அமுக்கமா, ஆழமா என்பது அதற்குத் தெரியாது.

2020 டிசம்பர் 2 இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே, திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையைக் கடந்தது. அந்த நாளின் வளியமுக்கத்தைப் பூச்சியத்திலிருந்து வரைந்தால் சூறாவளியே தெரியாது, நேர்கோடுதான் மிஞ்சும். தானியங்கி எல்லையில் வரைந்தால் வேறு சிக்கல். நம் அகலாங்கில் அமுக்கம் அமைதியான நாளிலும் இரண்டு தடவை ஏறி இறங்கும்; சில ஹெக்டோபாஸ்கல்தான். அந்தச் சிறு அசைவும் தாள் முழுவதும் விரிந்து, பெரும் இறக்கம் போலக் காட்சி தரும். ஆகவே எல்லா நாட்களுக்கும் 990 முதல் 1020 வரை என்று ஒரே எல்லையை எழுதிவிடுங்கள். பட்டை வரைபு என்றால் பேச்சே இல்லை, பூச்சியத்தில்தான் தொடங்க வேண்டும். அங்கே கண் பார்ப்பது பட்டையின் நீளத்தை.

மன்னாரையும் திருகோணமலையையும் அருகருகே காட்டும்போது மட்பிளொட்லிப்பில் இரு படங்களுக்கும் ஒரே செங்குத்து எல்லையைத் தரும் ‘ஷேர்வை’ என்ற ஒரு சொல்லை மறந்தால், மழை குறைந்த மன்னாரின் பட்டைகளும் திருகோணமலைக்குச் சமமாக உயர்ந்து நிற்கும்.

எங்களை மிகவும் கவலைப்படுத்துவது ஆர் மொழியின் ஜிஜிபிளொட்2. அதில் அளவுகோலுக்குள் ‘லிமிட்ஸ்’ கொடுப்பதும் ‘கோர்ட்_கார்ட்டீசியன்’ மூலம் கொடுப்பதும் ஒன்றல்ல. பின்னது பார்வையை மட்டும் நெருக்கும். முன்னதோ, எல்லைக்கு வெளியே கிடக்கும் தரவைக் கணிப்புக்கு முன்பே தூக்கி எறியும். திருகோணமலையின் மாத மழைக்குப் பெட்டி வரைபு போடுகிறவர் படம் அழகாக இருக்கட்டும் என்று 500 மில்லிமீற்றரில் அச்சை நிறுத்தினால், அதற்கு மேல் பெய்த மாதங்கள் கணக்கிலேயே இருக்காது, இடையம் இறங்கிவிடும். 2011 தொடக்கத்தில் கிழக்கை மூழ்கடித்த வெள்ளம் போன்றவற்றைக் காட்டத்தானே அந்த வரைபு! வரிசைகள் நீக்கப்பட்டன என்று மென்பொருள் எச்சரிக்கத்தான் செய்கிறது. நூறு வரைபுகளை ஒரே ஓட்டத்தில் வரையும்போது அந்த வரியை யார் பார்க்கிறார்கள்?

கொட்டியாரக் குடாவின் ஆழ்கடல் பள்ளத்தை வரைகிறவர்கள் எல்லையின் பெரிய எண்ணை முதலில் எழுதி அச்சைக் கவிழ்க்கிறார்கள், கடல்மட்டம் மேலே வருகிறது. அது நல்ல வழக்கம், தொடரட்டும்.

அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு வரைபுடனும் அதை வரைந்த நிரலையும் கேட்போம். எல்லை எண்களாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஏன் அந்த எண்கள் என்பதற்குப் படவிளக்கத்தில் ஒரு வரி வேண்டும். எல்லைக்கு வெளியே விடப்பட்ட அளவீடுகள் இருந்தால், அவை எத்தனை என்பதும் அங்கேயே இருக்க வேண்டும்.