மக்காவ் அதிர்ஷ்டக்கார ஊரா?

குட்டீஸ்... தாத்தா முதல் தொட்டிலில் தூங்கும் பாப்பா வரை, வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அரசாங்கமே ஆண்டுதோறும் பணம் கொடுத்தால் எப்படி இருக்கும்? 'ஆஹா, அந்த ஊருக்கே போய்விடலாமே!' என்கிறீர்களா?

அப்படி ஓர் ஊர் நிஜமாகவே இருக்கிறது. பெயர் மக்காவ். சீனாவின் தென்கரையில், ஹாங்காங்கிற்கு மேற்கே உள்ள குட்டிப் பிரதேசம். 2008ம் ஆண்டு முதல் அங்கு வசிப்போருக்கு அரசு பணம் கொடுத்து வருகிறது. 2019ல் நிரந்தரக் குடிமக்களுக்குத் தலா 10 ஆயிரம் பட்டாக்கா கொடுத்தார்கள். பட்டாக்கா என்பது அந்த ஊர் நாணயம். நம் பணத்தில் சுமார் ஒரு லட்சம் ரூபாய்! பள்ளிப் படிப்பும் 15 ஆண்டுகளுக்கு இலவசம்.

'அதிர்ஷ்டக்கார ஊர்' என்றுதான் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நீளம் 6 கி.மீ., அகலம் 6 கி.மீ. என்று ஒரு சதுரம் வரையுங்கள். மொத்த மக்காவும் அதற்குள் அடங்கிவிடும். அதில் வசிப்பவர்கள் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர்! இந்த இடமும் முன்பு கிடையாது. நூறு ஆண்டுகளுக்கு முன் சுமார் 12 சதுர கி.மீ.தான் இருந்தது. கடலில் மண்ணைக் கொட்டிக் கொட்டி, இன்று 33 சதுர கி.மீ. ஆக்கியிருக்கிறார்கள். டைப்பா, கொலோவான் என்று இரண்டு தீவுகள் தனித்தனியாக இருந்தன. நடுவில் இருந்த கடலைத் தூர்த்து, இரண்டையும் ஒட்டிவிட்டார்கள்.

போர்ச்சுக்கீசியர் இங்கே வந்து குடியேறியது 1557ல். சீனாவிடம் ஊரைத் திருப்பிக் கொடுத்தது 1999 டிசம்பர் 20ல். நடுவில் 1844 வரை, நம்ம கோவாவில் இருந்த போர்ச்சுக்கீசிய ஆளுநரின் கீழ்தான் மக்காவ் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியுமா?

சரி, அவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது? சூதாட்டத்திலிருந்து! சீனாவின் மற்ற பகுதிகளில் சூதாட்ட விடுதி நடத்தக் கூடாது. மக்காவில் நடத்தலாம். அதனால் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். 2006ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற லாஸ் வேகாஸ் விடுதித் தெருவையே வருமானத்தில் முந்திவிட்டது மக்காவ். வரவேற்புக்குக் குறைவில்லை, ஆனால், 21 வயது ஆகாதவர்கள் உள்ளே நுழைய முடியாது. விடுதியில் வேலை பார்ப்பவர்கள், வேலை முடிந்தபின் விளையாட உள்ளே போகக் கூடாது என்று 2019 டிசம்பரில் சட்டமே வந்தது. அவ்வளவு நல்ல பொருள் என்றால், அதைப் பரிமாறுகிறவரை ஏன் தொடவிடாமல் தடுக்க வேண்டும்? யோசியுங்கள்.

வருகிற பணம் ஒருவர் உழைத்து உண்டாக்கியது அல்ல, இன்னொருவர் தோற்றது. அங்கே கொடுக்கப்படும் ஒவ்வொரு பட்டாக்காவுக்குப் பின்னாலும், வெறுங்கையோடு வீடு திரும்பிய யாரோ ஒருவர் இருக்கிறார்.

அதோடு, ஒரே கிளையில் ஊரே ஊஞ்சல் கட்டி ஆடுகிறது. 2020ல் கொரோனா வந்தது. பிப்ரவரியில் 15 நாள் விடுதிகளை மூடினார்கள். திறந்த பிறகும் ஆட்கள் வரவில்லை. முந்தைய ஆண்டு 100 ரூபாய் வந்த இடத்தில், அந்த ஆண்டு வந்தது சுமார் 21 ரூபாய்! நல்லவேளை, அரசிடம் சேமிப்பு இருந்தது, சமாளித்தார்கள். இது பாராட்ட வேண்டிய விஷயம்தான். 2023ல் உரிமத்தைப் புதுப்பித்தபோது, சூதாட்டம் இல்லாத வேறு தொழில்களிலும் முதலீடு செய்ய வேண்டும் என்று விடுதி நிறுவனங்களுக்கு நிபந்தனை போட்டதும் அந்தப் பாடத்தால்தான் என்று நினைக்கிறேன்.

அப்படியானால், மக்காவிடம் பெருமைப்பட எதுவுமே இல்லையா? நிறைய இருக்கிறது! செயின்ட் பால் தேவாலயம் 1835ல் தீயில் எரிந்தது. கல்லால் ஆன முன்பக்கச் சுவர் மட்டும் இன்றும் தனியாக நிற்கிறது. அதில் போர்ச்சுக்கீசியக் கப்பலும் இருக்கும், சீன எழுத்துகளும் இருக்கும். கூப்பிடு தூரத்தில் சீனக் கோவில்கள். இந்தப் பழைய நகரம் முழுவதையும் 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. (முட்டை டார்ட் என்ற இனிப்பும் அங்கே பிரபலம். அதைப் பற்றி எழுதினால், நீங்கள் மீதியைப் படிக்க மாட்டீர்கள்!)

அங்கே ஒரு குன்றின் மேல், 1865ல் கட்டிய கியா கலங்கரை விளக்கம் இருக்கிறது. 2007ல், அதை மறைக்கும்படி உயரமான கட்டடங்கள் எழும்பப் போவதாகத் தெரிந்ததும், ஊர்மக்கள் சும்மா இருக்கவில்லை. யுனெஸ்கோவுக்கே எழுதினார்கள். 2008ல், சுற்றுப்புறத்தில் 90 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. பணம் வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறவர்கள் அல்ல அவர்கள்.

இன்னொன்று, பத்துவா என்ற மொழி. போர்ச்சுக்கீசியம், மலாய், சீனம், இந்திய மொழிகள் எல்லாம் கலந்து மக்காவிலேயே பிறந்தது. இதைப் பேசுவோர் இன்று மிக மிகக் குறைவு. 2009ல் யுனெஸ்கோ இதை அழிவின் விளிம்பில் உள்ள மொழி என்றது. ஆனால், 'மக்காவின் இனிய மொழி' என்று பொருள்படும் பெயர் வைத்துக்கொண்டு, ஒரு நாடகக் குழு 1993 முதல் பத்துவாவில் நகைச்சுவை நாடகங்கள் போட்டு வருகிறது. ஊர் நடப்பையும் அரசியலையும் கிண்டலடிப்பார்கள். மொழி புரியாதவர்களும் மேடையில் ஓடும் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.