நெகேமியா கேட்ட கடிதங்கள்

தியானப் பகுதி: நெகேமியா 2:1-9



நம்முடைய சபைகளில் ஒருவர் வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் புறப்படும்போது, 121-ஆம் சங்கீதத்தை வாசித்து, ஜெபித்து, அவரை வழியனுப்புகிறோம். இது நல்ல வழக்கம். ஆனால் அந்த ஜெபத்துக்கு முன்பு கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வி நம் வீடுகளில் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. அவர் கையிலிருப்பது வேலைக்குரிய விசாவா, அல்லது சுற்றிப்பார்க்க மட்டும் அனுமதிக்கும் விசிட் விசாவா? இந்த வாரம் அதைப்பற்றி உங்களோடு வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன்.

நெகேமியாவைக் கவனியுங்கள். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறதென்ற செய்தி கிஸ்லேயு மாதத்தில் அவருக்கு வந்தது. அவர் உபவாசித்து ஜெபித்தார். நிசான் மாதத்தில்தான் அர்தசஷ்டா ராஜாவிடம் வாய் திறந்தார். ஏறக்குறைய நான்கு மாத ஜெபம்! அப்படி ஜெபித்த மனிதர் ராஜாவிடம் கேட்டவை என்ன? நதிக்கு அப்புறத்திலுள்ள தேசாதிபதிகள் தம்மை எல்லை கடந்துபோக விடும்படி கடிதங்கள். மரம் தரும்படி வனக் காவலாளன் ஆசாபுக்கு ஒரு கடிதம். போகும் நாட்களையும் திரும்பிவரும் காலத்தையும்கூட அவர் ராஜாவுக்குக் குறித்துச் சொன்னார். தேவனுடைய தயவுள்ள கரம் தம்மேல் இருந்ததாலேயே அந்தக் கடிதங்கள் கிடைத்தன என்று அவரே சாட்சியிடுகிறார்.

"எஸ்றா அப்படிக் கேட்கவில்லையே" என்று சிலர் சொல்லக்கூடும். வழித்துணைக்குப் போர்ச்சேவகரைக் கேட்க எஸ்றா வெட்கப்பட்டது மெய்தான். ஆனால் அதே எஸ்றாவின் கையில் ராஜாவின் கடிதம் இருந்தது. ஏழாம் அதிகாரம் அதை விரிவாகக் கூறுகிறது. கொண்டுசென்ற வெள்ளியையும் பொன்னையும் நிறுத்துக் கொடுத்தார். எருசலேமில் அவை மீண்டும் நிறுக்கப்பட்டு, நிறை எழுதிவைக்கப்பட்டது. சேவகர் வேண்டாம் என்ற விசுவாசம், கடிதம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இனி நம்முடைய காரியத்துக்கு வருவோம். பத்தாம் வகுப்பில் தேறாத ஒருவர் சவூதி அரேபியா, கத்தார், குவைத், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதானால், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி அரசின் குடிபெயர்வு அனுமதி பெறவேண்டும். அந்த வழியாய்ச் செல்பவருக்கு முதலாளியின் பெயரும் சம்பளமும் எழுதப்பட்ட ஒப்பந்தம் இருக்கும். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் தரும் காப்பீடு இருக்கும். அழைத்துச் செல்லும் முகவர் அரசிடம் பதிவு பெற்றவராக இருக்கவேண்டும். சேவைக் கட்டணமாக அவர் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே வாங்கலாம். அவர் பதிவு பெற்றவர்தானா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

விசிட் விசாவில் வேலைக்குப் போகிறவருக்கோ இவற்றில் ஒன்றும் இல்லை. சம்பளம் மறுக்கப்பட்டால் காட்ட ஒப்பந்தம் இல்லை. நாள் கடந்து தங்கினால் அபராதம். 2022-ல், தாய்லாந்தில் கணினி வேலை என்ற வாக்கை நம்பிச் சென்ற தமிழக இளைஞர் பலர் எல்லைக்கு அப்பால் மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி வதைக்கப்பட்டதை நாம் செய்திகளில் அறிந்தோம்.

ஆபத்து மட்டுமே இதிலுள்ள பிரச்சினை அன்று. விமான நிலையத்தில் அதிகாரி கேட்கும்போது "சுற்றிப்பார்க்கப் போகிறேன்" என்று சொல்லும்படி முகவர் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார். இது பொய். "தேவை பெரிது, எல்லாரும் அப்படித்தானே போகிறார்கள்" என்கிறோம். ஆபிராமின் தேவையும் பெரிதுதான், பஞ்சம் கொடியதாயிருந்தது. எகிப்தின் எல்லையை நெருங்கியபோது, தன்னைச் சகோதரி என்று சொல்லும்படி சாராயிடம் கேட்டுக்கொண்டார். சொல்லிக்கொடுத்தவருக்கு ஆடுமாடுகள் கிடைத்தன. பார்வோனின் அரமனைக்குக் கொண்டுபோகப்பட்டவளோ சாராய். இன்றும் சொல்லிக்கொடுக்கிறவர் கமிஷனோடு ஊரில் இருக்கிறார். அந்நிய தேசத்தில் அகப்படுகிறவன் நம் மகன்.

காகிதத்தை வாசியாமல் கடல் கடந்ததன் வேதனை நம் கடற்கரைக்குப் புதியதன்று. தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரின் நாட்களில் "துண்டு" என்றொரு சீட்டு இருந்தது. தொழிலாளி பட்ட கடன் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கடனைத் தீர்க்க முன்வரும் தோட்டத்துக்கே அவர் மாறிச் செல்லலாம். அவர் வாசிக்க அறியாத அந்தத் துண்டுக் காகிதம் அவரைக் கடனோடு பிணைத்து வைத்தது. 1921-ல்தான் அந்த முறை சட்டத்தால் தடுக்கப்பட்டது. அவர்களுக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்தது. கனோன் மர்காஷிஸ் போன்ற மிஷனெரிகள் பள்ளிகளை எழுப்பி வளர்த்த நாசரேத்தின் பிள்ளைகளாகிய நாம், வாசிக்கத் தெரிந்தும் வாசியாமல் கையெழுத்திடுவதற்கு என்ன சாக்குச் சொல்வோம்?

ஆகையால் சபையார் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். வழியனுப்பு ஜெபத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே பத்திரங்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் காலம் மீதியிருக்கிறதா, விசா எதற்கானது, ஒப்பந்தத்திலுள்ள சம்பளமும் முகவர் வாயால் சொன்ன சம்பளமும் ஒன்றுதானா என்று சேர்ந்து வாசிப்போம். ஆங்கிலம் அறிந்த ஆசிரியர்களும் வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய மூப்பர்களும் நம் நடுவில் இருக்கிறார்கள். ஒவ்வொரு பத்திரத்திலும் ஒரு நகலை வீட்டில் வைத்துச் செல்லுங்கள். பதிவு பெற்ற முகவர் கிடைக்காவிட்டால், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அணுகுங்கள். அது 1978 முதல் இப்பணியைச் செய்துவருகிறது.

விசிட் விசாவில் வேலைக்குப் போகிறவருக்காக ஐயர் ஜெபிக்க மாட்டாரோ என்று நீங்கள் கேட்கலாம். அந்த மகனுக்காகக் கண்ணீரோடு ஜெபிப்பேன். ஆனால் அந்தப் பயணத்தைக் கர்த்தர் திறந்த வாசல் என்று சபை நடுவே அறிவிக்க என்னால் கூடாது. பொய் சொல்லித்தான் நுழைய முடியுமென்றால், அந்த வாசலைத் திறந்தவர் அவர் அல்லர். இதைக் கடனுக்குப் பணம் திரட்டிய பிறகு கேட்பது கசப்பு. முன்பே கேட்டால் அது பாதுகாப்பு. இப்போதே எழுதுவதற்குக் காரணம் அதுவே.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டில் யாராவது பயணத்துக்கு ஆயத்தப்பட்டால், முழங்காலில் நின்ற பின்பு மேசையருகே உட்கார்ந்து பத்திரங்களை ஒவ்வொன்றாய் வாசியுங்கள். நான்கு மாதம் ஜெபித்து, பின்பு கடிதங்களையும் கேட்டு வாங்கிய நெகேமியாவின் தேவன், நம் பிள்ளைகளின் போக்கிலும் வரவிலும் உண்மையையும் சமாதானத்தையும் கட்டளையிடுவாராக. ஆமென்.