கணக்கீடு படித்த பிள்ளைக்குக் கடைக் கொப்பியைக் காட்டுங்கள்

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு முறையும் வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்த பிள்ளைகளின் பெற்றோர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "கணக்கீடு படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" வங்கியா, கச்சேரியா, கொழும்பில் கம்பனியா என்றே பேச்சுப் போகிறது. கேட்பவர் நல்ல வியாபாரியாக இருப்பார். ஆனால் "இந்தப் படிப்பால் என் கடைக்கு என்ன பயன்?" என்று அவர் கேட்பதில்லை.

மாங்கேணியிலிருந்து திருமலை வீதியால் தெற்கே இறங்கினால் வாழைச்சேனையைக் கடந்து வந்தாறுமூலை வருகிறது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்து 1986இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. வர்த்தக முகாமைத்துவ பீடமும் அதில் உண்டு. 1995இல் தொடங்கிய ஒலுவில் தென்கிழக்கிலும் இத்துறைக்கு ஒரு பீடம் இருக்கிறது. கணக்கீட்டுப் பட்டத்துக்காக எமது பிள்ளைகள் ஸ்ரீ ஜயவர்தனபுரவுக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை இல்லை. அப்படியிருந்தும் அந்தப் பீடங்களில் படிப்பதும் எமது கடை மேசை லாச்சியில் கிடக்கும் கொப்பியும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. இதற்கு நான் பல்கலைக்கழகத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

மீன் எடுத்துப் பேலியகொடைக்கு அனுப்பும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். மீன் வாங்கிய காசு, ஐஸ், டீசல், சாரதிக்கூலி எல்லாவற்றையும் கழித்து மிஞ்சுவதை அவர் இலாபம் என்கிறார். லொறி 60 இலட்சம் ரூபாவுக்கு வாங்கியது, பத்து வருடம் ஓடிய பின் 20 இலட்சத்துக்கு விற்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வருடத்துக்கு 4 இலட்சம், அதாவது மாதம் 33,000 ரூபாவுக்கு மேல், அந்த லொறியிலேயே தேய்கிறது. கொப்பியில் அது இல்லை. தோணிக்காரர்களுக்குக் கொடுத்த முற்பணத்தில் எவ்வளவு திரும்பும், எவ்வளவு திரும்பாது என்பதும் இல்லை. இலாபம் என்று நினைத்து வீடு கட்டுகிறார், மகளுக்கு நகை செய்கிறார். பத்தாவது வருடம் புது லொறிக்குக் காசில்லாமல் லீசிங் கம்பனி வாசலில் நிற்கிறார். "வியாபாரம் நன்றாகத்தானே போனது?" என்று அவரே கேட்பார்.

பெறுமானத் தேய்வு, ஐயக்கடன் ஏற்பாடு என்று பட்டப்படிப்பு மாணவன் முதல் வருடத்திலேயே படிப்பது இதைத்தான். கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் அரிசியும் சீனியும் பால்மாவும் அவனுடைய பாடத்தில் 'பற்று'. எமது கொப்பியில் அதற்கு ஒரு வரியும் கிடையாது. அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடைகள் பிரிவதற்கு இந்த ஒரு வரி இல்லாதது எத்தனை இடங்களில் காரணமாகியிருக்கிறது என்பதை வாசகர்களே அறிவீர்கள்.

வியாபாரிகள் சொல்லும் மறுப்பும் நியாயமானதே. "பட்டம் முடித்த தம்பியிடம் கொப்பியைக் கொடுத்தால் விழிக்கிறான்." உண்மைதான். உயர்தரம் வரை தமிழில் படித்தவன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படிக்கிறான். அங்கே அவன் காண்பது பெரிய கம்பனிகளின் கணக்கு. பற்றுச்சீட்டு இல்லாத கொள்வனவையும், மூன்று வருடமாக நிலுவையில் நிற்கும் உறவினரையும் எந்தப் பாடநூலும் அவனுக்குக் காட்டவில்லை. அதை அவன் எங்கே படிப்பது? கடையில்தான் படிக்க வேண்டும். இரட்டைப் பதிவு முறையை 1494இல் அச்சில் விளக்கிய பாசியோலி அதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வியாபாரிகள் ஏற்கனவே செய்துவந்ததையே எழுதினார். கடையிலிருந்துதான் இந்தப் பாடம் வகுப்பறைக்குப் போனது.

ஆனால் எமது கடை அவனுக்குத் திறப்பதில்லை. சொந்த மகனுக்கே கொப்பியைக் காட்டாத வாப்பாமார் இருக்கிறார்கள். வெளியில் சொல்லாத காரணம் வரிப் பயம்.

அந்தப் பயத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசுவோம். 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானது. அதற்குப் பதிவு செய்யவேண்டிய வருட விற்பனை எல்லை 80 மில்லியனிலிருந்து 60 மில்லியனுக்கு இறக்கப்பட்டது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 36 மில்லியனாக்கும் யோசனையும் முன்வைக்கப்பட்டது. 36 மில்லியன் என்றால் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் ரூபா விற்பனை. மொத்த வியாபாரம் செய்யும் கடைக்கு இது பெரிய தொகையல்ல. கவனிக்க வேண்டியது, எல்லை பார்க்கப்படுவது விற்பனையை வைத்து, இலாபத்தை வைத்தல்ல. பதிவு செய்தவர் தான் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். முறையான வரிப் பட்டியல் கையில் இல்லாதவருக்கு அந்தக் கழிவு இல்லை, முழு வரியும் அவர் தலையில். ஆக, கொப்பியை மறைப்பவர் வரியிலிருந்து தப்புவதில்லை. பல நேரம் கூடுதலாகவே கட்டுகிறார். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12, ஊழியர் 8, நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதம் என்ற கணக்கும் இப்படித்தான். பல வருடம் கட்டாமல் விட்டு மிகைக்கட்டணத்துடன் ஒன்றாகக் கட்டும்போதுதான் கசக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வர்த்தகப் பிரிவில் நன்றாகச் சித்தியடைந்து, பட்டமும் பெற்று, தூர இடத்தில் வேலைக்கு விடமாட்டோம் என்பதால் வீட்டில் இருக்கும் மகள்மார் எமது ஊர்களில் இருக்கிறார்கள். நாலு கடையின் கணக்கை வீட்டிலிருந்தே ஒரு கணினியில் எழுத அவர்களால் முடியும். அதற்குச் சம்பளம் கொடுங்கள். "நம்மட பிள்ளைதானே" என்று சும்மா எழுத வைக்காதீர்கள்.

எமது வர்த்தகச் சங்கங்கள் இவ்விரு பீடங்களோடும் பேசி, மாணவருக்கு ஒரு மாதப் பயிற்சி இடம் கொடுக்கலாம். அதுவரை காத்திருக்க விரும்பாதவர் வரி வருடம் முடியும் மார்ச் 31 அன்று மாலை கடையைக் கொஞ்சம் நேரத்தோடு மூடிவிட்டு, தெரிந்த மாணவன் ஒருவனைக் கூப்பிட்டு இருப்பை எண்ணச் சொல்லட்டும். வாங்கிய விலை, இப்போது விற்றால் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அதைப் போட்டு அவன் பட்டியல் தருவான். எண்ணும் முறை ஒருமுறை பழகிவிட்டால் ஸக்காத் கணக்குக்கும் அதே முறைதான். அங்கே மட்டும் பெரும்பாலான உலமாக்களின் கருத்துப்படி அன்றைய சந்தை விலையைப் போடச் சொல்லுங்கள்.