‘அன்பா எடுத்துச் சொல்லுங்க’

போன மாதம் ஒரு சாயங்காலம் எங்கள் பங்கைச் சேர்ந்த நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வைத்த காபியைத் தொடவில்லை. அவருடைய பேத்தி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். அங்கேயே வேலை செய்யும் பையனை விரும்புகிறாளாம். பையன் கத்தோலிக்கன். ஞாயிறு பூசை தவறாதவன்.

“அப்புறம் என்ன சார்?” என்றேன்.

“அவங்க வேற ஆளுங்க சார்” என்றார், குரலைத் தாழ்த்தி. “நீங்க சொன்னா கேப்பா. கோபமா வேணாம். அன்பா எடுத்துச் சொல்லுங்க.”

அந்த ‘அன்பா’ என்ற சொல்தான் இதை எழுத வைத்தது.

திருவருகைக் காலம் இரண்டாம் ஞாயிறில், மூன்று வருடத்துக்கு ஒருமுறை, பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் தொடக்கத்தை வாசிக்கிறார்கள். சிறையிலிருந்து எழுதியது. அன்பு வளரட்டும் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. அறிவோடும் பகுத்துணர்வோடும் வளர வேண்டும், அப்போதுதான் சிறந்தது எது என்று தேர்ந்துகொள்ள முடியும் என்கிறார். புதுச்சேரியில் நான் பிரெஞ்சில் படித்தவன். இதற்கு அங்கே ‘திஸெர்னமான்’ என்பார்கள். அதன் லத்தீன் வேரில் சலிப்பது, பிரித்தெடுப்பது என்ற பொருள் இருக்கிறது. நாமும் சலிக்கத்தான் செய்கிறோம். எந்தச் சல்லடையில் என்பதுதான் கேள்வி.

நான் பிறந்த ஊரின் கதையையே சொல்கிறேன். புதுச்சேரி சம்பா கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. அந்த மக்கள் முறையிட, 1745-இல் சாமியார் அதை இடித்தார். உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் சண்டைக்குக் கிளம்பினார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் இன்னும் விசேஷம். 1872-இல் எழுந்த கோவிலில் ஒரே பீடம், சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கூடங்கள், நடுவில் சுவர். 1910-இல் கௌசானல் என்ற பிரெஞ்சு சேசு சபைச் சாமியார் இடிக்கச் செய்தார். கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள்.

இடித்தவர்களை இன்று புகழ்கிறோம். அந்தச் சுவர்களை விட்டுவைத்த சாமியார்களும் கெட்டவர்கள் இல்லை என்றே நினைக்கிறேன். ஊரில் சமாதானம் வேண்டும், ஆன்மாக்கள் கைவிட்டுப் போகக்கூடாது என்றுதான் எண்ணியிருப்பார்கள். அதுவும் அன்புதான். சலிக்காத அன்பு. செங்கல்லும் சுண்ணாம்பும் ஆகி நின்றது.

2016-இல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட ஆவணம், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும் சொன்னது. மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கம்! அந்தக் கோவிலில் உட்கார்ந்துகொண்டு, யார் ஐயா ‘வேற ஆளுங்க’?

“குடும்பம் உடைஞ்சிடும், நாளைக்குப் பிள்ளைங்க கஷ்டப்படும்” என்பார்கள். காதல் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு ஆசீர்வதிக்கச் சொல்பவன் நானும் இல்லை. பையனுக்குக் கடன் இருக்கிறதா, குடிக்கிறானா, கோபம் வந்தால் கை நீளுமா, இவள் சம்பளத்தை இவள் கையில் விடுவானா, எல்லாம் விசாரிக்க வேண்டும். சொந்த சாதியில் பார்க்கும்போது இதில் பாதியை நாம் விசாரிப்பதே இல்லை. நம்மவன் என்றதும் சல்லடையை ஆணியில் மாட்டிவிடுகிறோம்.

இவ்வளவு பேசும் நான் என்ன செய்தேன் தெரியுமா? 1986-இல் என் அக்கா மகன் இதே மாதிரி ஒரு பெண்ணைச் சொன்னான். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் மாமா என்று என்னைத்தான் பேச அனுப்பினார்கள். தோளில் கை போட்டு, கடற்கரையில் நடந்துகொண்டே, மிக அன்பாகத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டான். அந்தப் பெண்ணைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, பேர் உள்பட. இன்றைக்கும் இந்தப் பக்கம் வந்தால் வாசலில் நின்று பேசிவிட்டுப் போவான். உள்ளே வரமாட்டான்.

நண்பரிடம், “பையனை நான் பார்க்கிறேன். மேலே சொன்னதையெல்லாம் கேட்கிறேன். சாதியைக் கேட்கமாட்டேன்” என்றேன். எழுந்து போய்விட்டார். அடுத்த ஞாயிறு பூசையில் நாலு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தார்.

பூசை முடிந்ததும் பேத்தி வந்து, ஒரு துண்டுச் சீட்டில் அந்தப் பையனின் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.