நோயாளியின் பேச்சும் வழக்கமும் சிகிச்சையில் சேர்ந்தவையே: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

தமிழ்நாட்டின் அரசு, தனியார் மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியர்களும், ஆம்புலன்ஸில் செல்லும் அவசரகால மருத்துவ உதவியாளர்களும் சேர்ந்தது எங்கள் சங்கம். நோயாளியின் மொழி, மதம், சாதி, பாலினம், நம்பிக்கை இவற்றை அறிந்து நடப்பது அவரவர் நல்ல குணத்தைப் பொறுத்தது, பணியில் சேர்த்தியில்லை என்ற எண்ணம் எங்கள் துறையில் வெகுகாலமாக ஊறிக் கிடக்கிறது. அந்த எண்ணம் தவறு என்று சங்கம் அறிவிக்கிறது. ரத்த அழுத்தம் பார்ப்பது எப்படிப் பணியோ, நோயாளி சொல்வதை அவர் சொன்ன பொருளிலேயே புரிந்துகொள்வதும் அப்படியே பணி. அதில் தவறினால் நோயைக் கண்டறிவதில் தவறுகிறோம். சில நேரம் உயிரே போய்விடுகிறது.

நெஞ்சுவலியையே எடுத்துக்கொள்வோம். மாரடைப்போடு வரும் பலர் நம் ஊரில் "நெஞ்சு வலிக்குது" என்று சொல்வதில்லை. "வாயு பிடிச்சிருக்கு", "கேஸ் மாதிரி இருக்கு", "நெஞ்சு கரிக்குது" என்பார்கள். சோடா குடித்து, ஓமத் தண்ணீர் குடித்து, ஏப்பம் வருகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். அந்தச் சொல்லை அப்படியே நம்பி ஓரமாக உட்கார வைத்தால் பொன்னான நேரம் கைநழுவும். சர்க்கரை நோயாளி "கேஸ்" என்று சொன்னால் முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய் "தோஷம் தட்டிடுச்சு சிஸ்டர்", "உரம் விழுந்திருக்கு", "தொக்கம் எடுத்துப் பார்த்தோம், நிக்கல" என்கிறாள். இதைக் கேட்டுச் சிரிப்பவருக்கு அடுத்த கேள்வி தோன்றாது. சிரிக்காதவர், "எத்தனை தடவை வயித்தால போச்சும்மா? பால் குடிக்குதா? உச்சிக்குழி பள்ளமா இருக்கா?" என்று கேட்பார். தோஷம் என்று சொல்லப்பட்ட குழந்தை பல நேரம் உடம்பில் நீர் வற்றிப்போன குழந்தை. இன்னொன்றும் உண்டு. ஒரு தடவை திட்டு வாங்கிய தாய், அடுத்த தடவை வீட்டில் என்ன கசாயம் கொடுத்தாள் என்பதைச் சொல்லவே மாட்டாள். அது தெரியாமல் நாம் மருந்து கொடுப்போம்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் சொன்ன சம்பவம் இது. அவர் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர். மூச்சுத் திணறல் என்று அழைப்பு வந்த வீட்டின் வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர், பாயில், உடம்பு முழுக்க அம்மைக் கொப்புளம். விரலில் கருவியை மாட்டியதும் ஆக்சிஜன் அளவு 86 காட்டியது. பெரியவர்களுக்கு வரும் சின்னம்மை நுரையீரலில் இறங்கினால் ஆளைக் கொன்றுவிடும். ஆனால் வாசலை மறித்துக்கொண்டு பாட்டி நின்றார். மூன்று தண்ணீர் ஊற்றாமல் பிள்ளையை வெளியே அனுப்பினால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்பது அவர் பயம். வாக்குவாதத்தில் இறங்கியிருந்தால் அந்தப் பத்து நிமிடம் அங்கேயே போயிருக்கும். எங்கள் உறுப்பினர் வாசலிலேயே செருப்பைக் கழற்றியிருந்தார். பாட்டி அதைக் கவனித்திருந்தார். "பாட்டி, ஆத்தா வீட்டோட நின்னுடுவாளா? பிள்ளையோட கூட வருவா. அந்த வேப்பிலைக் கொத்தை எடுத்துட்டு நீங்களும் வண்டியில ஏறுங்க. தண்ணி ஊத்துற நாளை அங்க வச்சே பார்த்துக்கலாம்" என்றார். பாட்டிக்கு முகக்கவசம் கொடுத்தார். ஆக்சிஜனோடும் வேப்பிலையோடும் வண்டி கிளம்பியது. மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் சொல்லித் தனி அறை கேட்கப்பட்டது. தொற்றுத் தடுப்பில் ஒரு விதியும் மீறப்படவில்லை.

இப்படி நடக்க அவருக்கு யாரும் பயிற்சி தரவில்லை. அம்மை போட்ட வீட்டில் அவரும் வளர்ந்தவர், அவ்வளவுதான். வேறு ஊரில், வேறு வழக்கத்தில் வளர்ந்த பணியாளர் அந்த வாசலில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் எங்கள் கவலை. நோயாளியின் உயிர், யார் பணிமுறையில் வந்தார் என்ற தற்செயலில் தொங்கக் கூடாது.

இது புதிய பிரச்சினையும் இல்லை. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவத்தில் துடிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்ற வரும்படி இளம்பெண் ஐடா ஸ்கடரை அழைத்தார்கள். அவர் மருத்துவர் இல்லை. அவருடைய தந்தைதான் மருத்துவர். ஆண் மருத்துவர் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக் கூடாது என்று அந்த ஆண்கள் மறுத்தார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து 1900-இல் திரும்பி வந்தார். வேலூர் மருத்துவமனை அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1909-இல் அங்கே செவிலியர் பள்ளியும் வந்தது. அந்த வழக்கத்தைத் திட்டிக்கொண்டு அவர் காலம் கழிக்கவில்லை. அந்த வீடுகளுக்குள் நுழையக்கூடிய கைகளை உருவாக்கினார்.

அதே வழியில் நடந்த வேறு இரண்டு இடங்களும் நம் மாநிலத்தில் உண்டு. கூடலூரில் 1990-இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் போன்ற சமூகங்களின் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியர்களாக நிற்கிறார்கள். தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் 1993-இல் மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் தொடங்கிய மருத்துவமனையில் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் செவிலியர்களாகவும் ஊர் நலப் பணியாளர்களாகவும் உருவானார்கள். நோயாளியின் பேச்சைப் பேசுகிறவர் வார்டிலேயே இருந்தால் பாதிப் பயம் வாசலிலேயே போய்விடும். பழங்குடி இளைஞர்களைச் செவிலியர் படிப்பிலும் ஆம்புலன்ஸ் பணியிலும் சேர்த்து, அவர்கள் மண்ணிலேயே பணியமர்த்த வேண்டும் என்பது எங்கள் கோரிக்கைகளில் முதலாவது.

இரண்டாவது மொழி. திருப்பூர் பின்னலாடைத் தொழிற்கூடங்களிலும், சென்னையைச் சுற்றிய கட்டட வேலைகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் மாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். எல்லாரையும் "இந்திக்காரர்" என்று சொல்லிவிடுகிறோம். ஒடியாவோ வங்காளமோ சந்தாலியோ தாய்மொழியாக உள்ளவருக்கு, வலியில் துடிக்கும்போது அரைகுறை இந்தி உதவாது. ஒரு கட்டட இடத்திலிருந்து வந்த அழைப்பில் மேஸ்திரிதான் பேசினார்: "மயங்கி விழுந்துட்டான் சார், காலையில சாப்பிடல." படுத்திருந்த இளைஞர் ஒன்றும் பேசவில்லை. தூக்கப் போனபோது கையை மெல்ல உயர்த்தி மேலே கட்டியிருந்த சாரத்தை விரலால் காட்டினார். அதற்குப் பிறகுதான் கழுத்துப் பட்டையும் முதுகுத்தண்டுப் பலகையும் வந்தன. மயக்கம் என்று நம்பி அப்படியே தூக்கி உட்கார வைத்திருந்தால் அந்த இளைஞரின் கால்கள் வாழ்நாளுக்கும் செயலிழந்திருக்கக்கூடும்.

வேலை கொடுத்தவர் மொழிபெயர்ப்பாளராக இருக்கக் கூடாது என்று சங்கம் உறுதியாகச் சொல்கிறது. இழப்பீடும் காவல்துறை வழக்கும் அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதேபோல் தாயின் மாதவிடாய்க் கணக்கைப் பத்து வயது மகனிடம் கேட்டு எழுதுவதும், மனைவிக்குப் பட்ட அடியைக் கணவன் வாயால் கேட்டு எழுதுவதும் நிறுத்தப்பட வேண்டும். உயிர் போகும் நொடியில் கிடைத்தவரைப் பயன்படுத்தலாம். அடுத்த நொடியே சரியான ஆளைத் தேட வேண்டும். 108 கட்டுப்பாட்டு அறையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இரவு பகலாகத் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். அதுவரை, வலி எங்கே, எப்போது தொடங்கியது, விழுந்தீர்களா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பன போன்ற இருபது கேள்விகளையாவது ஒடியா, வங்காளம், இந்தி, அசாமிய மொழிகளில் ஒலிப்பதிவு செய்து ஒவ்வொரு வண்டிக்கும் கொடுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை.

தோலின் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் படித்த பாடப் புத்தகங்களில் நீலம் பாரித்த உதடு, மஞ்சள் படர்ந்த தோல், சிவந்த தடிப்பு எல்லாம் வெள்ளைத் தோலில் எப்படித் தெரியுமோ அப்படியே விவரிக்கப்பட்டிருந்தன. கறுத்த மேனியில் அவை அப்படித் தெரியாது. நாக்கு, ஈறு, கீழிமையின் உட்புறம், உள்ளங்கை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் கறுத்த தோலில் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். அமெரிக்காவில் வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் இந்தக் கருவி ஆக்சிஜன் குறைவைக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதை 2020 டிசம்பரில் வெளியான ஆய்வு காட்டியது. நம் மக்களில் பெரும்பாலோர் கறுப்பும் மாநிறமும். கருவி 94 என்று காட்டி ஆள் மூச்சுக்குத் திணறினால், ஆளை நம்புங்கள்.

இனி, சாதி. பதிவு மேசையில் "எந்த ஊரு" என்பதோடு நிற்காமல் "ஊரா, காலனியா?", "எந்தத் தெரு?" என்று கேட்கும் வழக்கம் எங்களில் சிலரிடம் இருக்கிறது. அது எதற்கான கேள்வி என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். மருத்துவமனையில் தீண்டாமையின் பேரால் ஒருவரைச் சேர்க்க மறுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படியே தண்டனைக்குரிய குற்றம். சேர்த்துக்கொண்டு, எட்ட நின்று மருந்தை நீட்டுவதும் ஒழுக்கக் குற்றம் என்றே சங்கம் கருதுகிறது. அப்படிச் செய்தவர் எங்கள் உறுப்பினராக இருந்தாலும் அவர் பக்கம் நிற்க மாட்டோம்.

பண்பாட்டை மதிப்பது என்றால் நோயாளி கேட்பதையெல்லாம் கொடுப்பதா என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். இல்லை. பிரசவ அறையில் பெண் செவிலியர் வேண்டும் என்று ஒரு பெண் கேட்டால், ஆள் இருக்கும்வரை கொடுத்தே ஆக வேண்டும். அது அவர் மானம். "இந்தச் சாதி நர்ஸ் என்னைத் தொடக் கூடாது" என்று ஒருவர் சொன்னால், பணிமுறையை மாற்றிக் கொடுக்கக் கூடாது. அது இன்னொருவரின் மானம். எங்கள் சகோதரிகளில் பலர் இந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டு ஊசி போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு நோயாளியிடம் பேச வேண்டியவர் கண்காணிப்பாளர். அந்தச் செவிலியரைத் தனியே விடக் கூடாது. முக்காடு அணிந்த செவிலியரையும், வேறு மாநிலத்திலிருந்து வந்தவரையும், ஆண் செவிலியரையும் ஏளனம் செய்வதற்கும் இதே விதிதான்.

திருநங்கையர், திருநம்பியர் குறித்து அதிகம் பேச வேண்டியதில்லை. செய்ய வேண்டியதுதான் பாக்கி. இந்தியாவிலேயே முதலாவதாகத் திருநங்கையர் நல வாரியம் 2008-இல் இங்கேதான் அமைந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் தம் பாலினத்தைத் தாமே சொல்லும் உரிமையை அவர்களுக்கு உறுதிசெய்தது. ஆனாலும் புறநோயாளிப் பிரிவில் அட்டையில் உள்ள பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறோம். அந்த வரிசையே திரும்பிப் பார்க்கிறது. எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், எந்த வார்டில் படுக்க விரும்புகிறீர்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டால் போதும்.

நோன்பு மாதத்தில் இன்சுலின் போடும் நோயாளியிடம் "நோன்பு வைக்காதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் நோன்பை விட மாட்டார், ஊசியை விட்டுவிடுவார். நோன்புக்கு முன்பே அழைத்து, சஹருக்கு எவ்வளவு, நோன்பு திறக்கும்போது எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். சாகும் தறுவாயில் இருப்பவர் வாயில் பால் ஊற்ற மகள் கேட்கும்போது, புரையேறும் என்று விரட்டுகிறோம். பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டை ஈரமாக்கச் சொல்லலாம். அந்தக் குடும்பம் அதை ஆயுளுக்கும் நினைவில் வைத்திருக்கும்.

இவற்றையெல்லாம் பட்டியலாக்கி "முஸ்லிம் என்றால் இப்படி, பழங்குடி என்றால் இப்படி" என்று மனப்பாடம் செய்யக் கொடுப்பதைச் சங்கம் ஏற்கவில்லை. நியூசிலாந்தில் மாவோரி இனச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டென் வலியுறுத்தியது இங்கே பொருந்தும். பராமரிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்மானிக்க வேண்டியவர் அதைப் பெற்றவரே. செவிலியர் முதலில் ஆராய வேண்டியது தன் சொந்தப் பழக்கங்களையும் தன் கையில் உள்ள அதிகாரத்தையும். 1992-இல் அந்நாட்டுச் செவிலியர் மன்றம் இதைக் கல்வியில் கட்டாயமாக்கியது. நம்மிடம் சமூகவியல், தேர்வோடு மறந்துபோகும் பாடமாகவே இருக்கிறது. வார்டுப் பயிற்சியிலும் ஆம்புலன்ஸ் பயிற்சியிலும் இது மதிப்பெண்ணுக்குரிய பகுதியாக வேண்டும். சொல்லித்தருபவர்களில் பழங்குடியினரும் திருநங்கையரும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களும் இருக்க வேண்டும்.

அரசுக்கும் நிர்வாகங்களுக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் வண்டியில் ஓடுபவரிடமும், ஐம்பது படுக்கைக்கு ஒருவராக இரவு முழுக்க நிற்பவரிடமும் "நோயாளியைக் கேட்டு நடந்துகொள்" என்று சுற்றறிக்கை அனுப்பிப் பயனில்லை. கேட்க நேரம் வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்பாமல் இந்த நிலைப்பாட்டை நடைமுறைப்படுத்த முடியாது.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வார்டுக்கும் உங்கள் வண்டிக்கும் எந்தெந்த மொழி பேசுகிறவர்கள் வருகிறார்கள், எந்த இடத்தில் பேச்சு புரியாமல் தடுமாறினீர்கள் என்று எழுதி மாவட்டக் கிளைக்கு அனுப்புங்கள். நோயாளியின் பெயரை எழுத வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள். அரசிடம் நாங்கள் வைக்கப்போகும் முதல் ஆவணம் அதுதான்.