அந்தத் தீடையில் படகை ஏற்ற அனுமதித்தது யார்?

மதிப்பிற்குரிய ஐயா,

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே கிடக்கும் மணல் தீடைகளில், இலங்கைப் பக்கத்துத் தீடைகளின் காவல் உங்கள் பொறுப்பில் இருக்கிறது. அவற்றைப் பற்றி நான் அனுப்பிய மனுக்களுக்குப் பதில் இல்லை. நேரில் கொண்டுவந்து கொடுத்ததற்கு முத்திரை மட்டும் குத்தித் தந்தார்கள். தனியாக எழுதிப் பயனில்லை என்றான பிறகே, நாலு பேர் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

சட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2015இல் இந்தத் தீடைகளையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்த வர்த்தமானி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் எழுத வந்தது ஒரே ஒரு நாள் நடந்ததை.

கடந்த ஆடி மாதம், சோளகம் கொஞ்சம் தணிந்திருந்த ஒரு நாள். ஆலாப் பறவைகளைப் பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு வடகடல் பக்கமாகப் போயிருந்தோம். அடைகாக்கும் காலத்தில் நாங்கள் தீடையில் கால் வைப்பதில்லை. தள்ளி நங்கூரம் போட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு, வள்ளத்தில் இருந்தபடியே தொலைநோக்கியில் பார்ப்போம். அப்படிப் பார்த்தாலே எல்லாம் தெரியும். கொண்டை ஆலாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஓரத்தில் சிற்றாலாக்கள். சிற்றாலாவின் கூடு என்பது நெஞ்சால் அழுத்தி எடுத்த ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். முட்டை மணல் நிறத்தில், பழுப்புப் புள்ளிகளோடு இருக்கும். பக்கத்தில் நிற்பவன் கண்ணுக்கே தெரியாது. கால் பட்ட பிறகுதான் தெரியும்.

பதினொரு மணியளவில் பெரிய சுற்றுலாப் படகு ஒன்று வந்து நேராக மணலில் ஏறியது. இருபது பேருக்குக் குறையாமல் இறங்கினார்கள். அணியத்தில் சீருடையோடு ஒருவர் நின்று, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கைகொடுத்து இறக்கிவிட்டார். தீடையிலிருந்த பறவைகள் அத்தனையும் ஒரே கூச்சலாக எழும்பின. வந்தவர்கள் கூடுகளுக்கு நடுவிலேயே நடந்துபோய்த் துணிப்பந்தல் கட்டினார்கள், சாப்பாடு எடுத்தார்கள், பாட்டுப் போட்டார்கள். டிரோன் ஒன்றும் ஏறியது. இரண்டு மணி தாண்டியும் அவர்கள் கிளம்பவில்லை.

ஐயா, உச்சி வெயிலில் ஆலா முட்டைக்கு மேல் நிற்பது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. கடலில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து அந்த ஈரத்தால் முட்டையைக் குளிர்விக்கும். ஆடி மாத நண்பகலில் அந்த மணலில் வெறுங்காலோடு நின்றவனுக்கு இது ஏன் என்று விளங்கும். நிழல் போன முட்டை அந்த வெயிலில் நெடுநேரம் தாங்காது. அன்று அவை மூன்று மணி நேரம் தாயில்லாமல் கிடந்தன.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் குஞ்சு ஒன்றைத் தூக்கினார். கை மாற்றிக் கை மாற்றிப் படம் எடுத்தார்கள். எடுத்து முடிந்ததும் எடுத்த இடத்தில் விடவில்லை, தீடையின் மறுமுனையில் தண்ணீர் ஓரமாக விட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆலா, அலகில் குறுக்காகச் சிறு மீன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பழைய இடத்தில் இறங்கியது. சுற்றி நடந்தது, எழும்பியது, திரும்பவும் அங்கேயே இறங்கியது. ஆலா தன் குஞ்சுக்குத்தான் இரை கொடுக்கும், பக்கத்துக் குஞ்சுக்குக் கொடுக்காது. கடைசியில் அது மீனோடு பறந்துபோனதை நாங்கள் பார்த்தோம்.

நாங்கள் வள்ளத்திலிருந்து கத்தினோம், கையைக் காட்டினோம். அந்தச் சீருடைக்காரர் கரையோரம் வரை வந்தார். எங்களிடம் அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்! கூடுகளுக்கு நடுவில் பந்தல் கட்டியவர்களிடம் கேட்காத கேள்வியை, தண்ணீரில் நின்ற எங்களிடம் கேட்டார். பத்திரத்தைக் காட்டினோம். அதற்குப் பிறகும் எங்களைத்தான் அங்கிருந்து போகச் சொன்னார்.

குஞ்சைக் கையில் வைத்து எடுத்த படம் மறுநாளே எல்லாருடைய தொலைபேசிக்கும் வந்துவிட்டது. அதை அச்செடுத்து மனுவோடு உங்கள் அலுவலகத்தில் கொடுத்தேன். படம் எந்த இடத்தில் எடுத்தது என்று நிரூபிக்க முடியுமா என்று கேட்டார்கள். நாள், நேரம், படகின் நிறம், கூட இருந்து பார்த்தவர்கள், எல்லாம் எழுதித்தான் கொடுத்திருந்தேன். அதில் பெயர் எழுதியிருந்த ஒருவரிடமாவது நீங்கள் விசாரித்தீர்களா? இல்லை. அப்படியானால் உங்களுக்குத் தேவைப்பட்டது ஆதாரம் இல்லை, காலம் கடத்த ஒரு சாட்டு.

படகுச் சவாரியே வேண்டாம் என்று சொல்பவன் நான் இல்லை. அதே 2015இல்தான் தலைமன்னார் வரை ரயில் திரும்ப வந்தது. அதில் வந்தவர்களால் எங்கள் பொடியன்கள் சிலருக்கு வலையை மட்டும் நம்பியிராத ஒரு பிழைப்புக் கிடைத்தது. வாடைக்காலத்தில் வங்காலைக்குப் பூநாரை பார்க்க வருகிறவர்கள், சோளகக் காலத்தில் ஆலாவுக்காகவும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். முதுகு கறுத்து, கண்ணுக்கு மேல் வெள்ளைக்கோடு போட்ட அந்தக் கடலோடி ஆலா கரைப்பக்கம் அதிகம் வராது. அதைக் குஞ்சோடு பார்க்க இந்தத் தீடைகளில் கிடைக்கிறது. இந்தப் பறவை போய்விட்டால் அந்தப் படகுக்கும் வேலை இல்லை. எங்கள் தகப்பன்மாருக்கு ஆலா விழுகிற இடம்தான் வலை போடுகிற இடம். சூடை எங்கே, சாளை எங்கே என்று காட்டித் தந்த பறவை அது. அந்த நன்றி எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது.

2024இல் மன்னார்க் காற்றாலைத் திட்டம் உயர் நீதிமன்றம் வரை போனபோது, பறவைகளின் வலசைப் பாதை பற்றி நாடே பேசியது. அந்தப் பேச்சு சரி, அது தேவை. ஆனால் காற்றாடிக்கு ஆய்வு, அறிக்கை, வழக்கு எல்லாம் இருந்தன. அன்று அந்தப் படகைத் தடுக்க என்ன வேண்டியிருந்தது? சீருடையில் நின்ற ஒருவர் வாயைத் திறந்து, ‘இறங்காதீர்கள்’ என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவருக்குச் சம்பளம். யாருடைய விருந்தாளிகள் என்பதால் அவர் வாய் மூடியிருந்தார்?

நான் கேட்பது இதுதான்: வைகாசியிலிருந்து ஆவணி முடியும்வரை அடைகாக்கும் தீடைகளில் எந்தப் படகும் ஏறக்கூடாது. பெரியவரின் விருந்தாளி ஏறினாலும் ஏழையின் வள்ளம் ஏறினாலும் ஒரே நடவடிக்கை வேண்டும். சுற்றி மிதவை கட்ட ஆள் வேண்டும் என்றால் எங்கள் பொடியன்கள் வருவார்கள், கூலி கேட்க மாட்டார்கள்.

அடுத்த வைகாசியில் ஆலாக்கள் திரும்ப வரும். அதற்கு முன் எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். அன்று அந்தப் படகில் வந்தவர்கள் யார், சீருடையில் கூடப் போனவரை அனுப்பியது யார், அவர்மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்று வள்ளத்தில் இருந்த எல்லோரையும் கூட்டிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருவேன்.

இப்படிக்கு,
தலைமன்னார் வள்ளக்காரன் ஒருவன்